பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் ஏன்?

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே, தாய்மார்களே!

தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு நம் அறக்கட்டளை மாதாமாதம் கல்வி உதவி கொடுத்து வருவது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்து வர இரண்டு சகோதரிகளைக் களப்பணியாளர்களாக வைத்திருக்கிறோம். இப்போது அவர்களுக்கு ஒரு மேற்பார்வையாளரைச் சம்பளத்துக்கு நியமிக்க முடிவு செய்திருக்கிறோம். "இரண்டு பேரைப் பார்க்க மூன்றாவதாக ஒருவரா? அந்தப் பணத்தில் இன்னும் சில எத்தீம்களுக்கு உதவலாமே" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி மூன்று மாத அறிக்கைகளிலும் "பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான்" என்றே எழுதியிருந்தது. நாங்களும் கையெழுத்துப் போட்டோம். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கே போகவில்லை, ஒரு பேக்கரியில் வேலைக்கு நின்றான் என்பது பின்னால்தான் தெரிந்தது. தாயார் சொன்னதை நம்பி அந்தச் சகோதரி எழுதியிருக்கிறார். "பையனை நேரில் பார்த்தீர்களா?" என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பயணச் செலவுக் கணக்கு சரியா என்று மட்டும் பார்த்தோம்.

அந்தச் சகோதரியை அழைத்துப் பேசியபோது அழுதுவிட்டார். "சில வீடுகளில் பார்ப்பதை யாரிடம் சொல்வதென்றே தெரியவில்லை. உங்களிடம் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன்" என்றார். தவறு எங்களுடையது. அல்ஹம்துலில்லாஹ், பையன் மீண்டும் பள்ளிக்குப் போகிறான். ஆனால் ஓராண்டுப் படிப்பு போய்விட்டது.

சரி, மேற்பார்வைக்கு எப்படிப்பட்டவர் வேண்டும்? "ஓய்வு பெற்ற ஆசிரியர் யாரையாவது போடலாமே, நல்ல மனிதராக இருந்தால் போதாதா?" என்று கேட்கிறீர்கள். நல்ல மனிதராக இருப்பது அவசியம். ஆனால் இந்த வேலைக்கு அது மட்டும் போதாது. எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பு வேண்டும். அது இரண்டாண்டுப் படிப்பு; வகுப்பறையோடு களப்பயிற்சியும் உண்டு. பட்டத்தோடு, குழந்தைகளுக்காகச் சில ஆண்டுகள் களத்தில் உழைத்த அனுபவமும் வேண்டும். வீட்டுக்குள் போய்ப் பார்த்திராதவரால் அடுத்தவர் எழுதும் அறிக்கையை எடைபோட முடியாது.

சமூகப்பணி மேற்பார்வை பற்றி ஆல்ஃபிரட் கதூஷின் என்ற அறிஞர் 1976-இல் எழுதிய நூலை இத்துறையினர் இன்றும் படிக்கிறார்கள். மேற்பார்வையாளருக்கு மூன்று வேலைகள் என்கிறார் அவர். நிர்வகிப்பது, கற்றுக்கொடுப்பது, பணியாளருக்குத் துணையாக நிற்பது. நாங்கள் முதலாவதை அரைகுறையாகச் செய்தோம். மற்ற இரண்டையும் செய்யவே இல்லை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தை பாலியல் தொல்லைக்கு ஆளானது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருப்பதே குற்றம். தம்மிடம் வேலை செய்பவரே அந்தக் குற்றத்தைச் செய்து, அதை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை. ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொள்ளும் விஷயம் அல்ல இது. எதை 1098-க்குச் சொல்ல வேண்டும், எதைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும், எதைத் தாயோடு பேசியே சரிசெய்யலாம் என்று அன்றைக்கே முடிவு சொல்ல ஒருவர் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாயடக்கம் வேண்டும். இனி எந்த வீட்டு விவரமும் நிர்வாகக் குழுவுக்கு வராது. எத்தனை பிள்ளைகள், எத்தனை சந்திப்புகள் என்ற எண்ணிக்கை மட்டுமே வரும். கோப்புகள் மேற்பார்வையாளரின் பொறுப்பில் பூட்டி இருக்கும். செயலாளரானாலும் அதைத் திறந்து பார்க்க முடியாது.

எத்தீமின் சொத்தை அவரிடம் ஒப்படைக்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளும்படி அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். பொறுப்பாளர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் சாட்சி வேண்டும். சொத்துக்கே அப்படி என்றால், அந்தப் பிள்ளை விஷயத்தில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இந்தச் சம்பளம் ஜகாத் நிதியிலிருந்து போகாது. பொது நன்கொடையிலிருந்துதான் போகும். அதற்கென மாதம் ஒரு தொகை தர முன்வருகிறவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நம் பெண்பிள்ளைகளில் எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தாய்மார்களே, களப்பணியாளர் வீட்டுக்கு வந்தால் பிள்ளையை நேரில் பார்த்துப் பேச விடுங்கள். கஷ்டத்தை மறைக்காதீர்கள். உண்மையைச் சொன்னதற்காக எந்தக் குடும்பத்தின் உதவியும் நிறுத்தப்படாது.

இந்த அமானத்தைச் சரியாக நிறைவேற்ற அல்லாஹ் நமக்கு உதவி செய்வானாக!