சந்தேகத்தின் பலன் யாருக்கு?



லீ சாங்-டாங் இயக்கிய ‘பர்னிங்’ (2018) பார்த்து முடித்திருக்கிறோம். "கடைசியில பென் அந்தப் பொண்ணைக் கொன்னானா, இல்லையா?" என்று ஒரு தம்பி கேட்டார். படம் பதில் சொல்வதில்லை. பென் வீட்டிலிருக்கும் இளஞ்சிவப்புக் கைக்கடிகாரமும், பெயர் சொன்னதும் வரும் பூனையும் சந்தேகத்தைத்தான் கூட்டுகின்றன.

ஆனால் ஒன்றை பென்னே வாய்விட்டுச் சொல்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பாழடைந்த பசுமைக்குடில் ஒன்றைக் கொளுத்துவானாம். போலீஸ் கண்டுகொள்ளாதாம். முரகாமியின் 1983 சிறுகதையில் எரிவது கொட்டகை. லீ அதைப் பிளாஸ்டிக் பசுமைக்குடிலாக்கி, கடனில் தவிக்கும் ஹே-மியைப் பக்கத்தில் நிறுத்துகிறார். அவள் காணாமல் போனால் தேடுவதற்கு ஜோங்-சுவைத் தவிர ஆளில்லை.

இதைப் பார்க்கும்போது எனக்குக் கீழ்வெண்மணி நினைவுக்கு வருகிறது. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 தலித்துகள் எரிக்கப்பட்டார்கள்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அங்கே உடல்கள் இருந்தன, சாட்சிகள் இருந்தார்கள். ஆனாலும் நிலமும் காரும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று வியந்து, சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது.

ஜோங்-சுவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வெண்மணி மக்களிடம் ஆதாரம் இருந்தும் நம்பவில்லை. இரண்டு இடத்திலும் சந்தேகத்தின் பலன் கார் வைத்திருப்பவனுக்கே போகிறது.

கடைசியில் ஜோங்-சு எடுக்கும் கத்தி இதை மாற்றாது. யாருடைய சொல் சாட்சியமாக ஏற்கப்படுகிறது என்பதை மாற்ற வேண்டும். அதற்கு அமைப்பாய்த் திரள வேண்டும்; அவன் கடைசிவரை தனியாகவே தேடினான்.