மேசை மேல் ஒரு தீவு

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, பத்து நிமிஷம். இரண்டு, புரியுற மாதிரி. இந்த வயசில் நாலைந்து நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி, மேசை மேல் அட்டைக் காய்களை நகர்த்திப் பகடை உருட்டுகிறோம் என்றால், வீட்டில் உள்ளவர்களுக்கே அது புரிவதில்லை. முயற்சி செய்கிறேன்.

போர் விளையாட்டு என்பது பழைய சங்கதி. 1824-இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி வரைபடம், காய்கள், பகடை, இவற்றோடு ஒரு நடுவரையும் வைத்து முறையான ஆட்டமாக அதை ஆக்கிக் கொடுத்தார். அவர் தந்தை தொடங்கியதை மகன் செம்மைப்படுத்தினார். அதிகாரிகளுக்குப் பயிற்சியாக அது பரவியது. நாங்கள் எடுத்துக்கொண்டது 1941 மே மாதம் நடந்த கிரீட் தீவுப் போர். மத்தியதரைக் கடலில் கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஒல்லியான கிரேக்கத் தீவு அது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே 20 காலையில் ஜெர்மானியர் முதன்மையாக விமானங்களையும் பாராசூட்டுகளையும் நம்பித் தீவின் மீது இறங்கினார்கள். தீவில் நியூசிலாந்து, ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், கிரேக்கப் படைகள் சுமார் 40,000 பேர். தலைமை நியூசிலாந்தின் ஃப்ரைபெர்க். முதல் நாள் முடிவில் ஜெர்மானியர் கையில் ஒரு விமானத்தளம்கூட உருப்படியாக இல்லை. பல பிரிவுகள் இறங்கும்போதே சின்னாபின்னமாகிவிட்டன. ஆனாலும் ஜூன் 1-ஆம் தேதி தீவு அவர்களுடையது. இடையிலே என்ன நடந்தது?

மாலெமே என்கிற விமானத்தளத்தின் பக்கத்தில் ஒரு குன்று. உயரம் 107 மீட்டர் என்பதால் வரைபடத்தில் அதன் பெயரே 107-ஆம் குன்று. அதில் சுமார் 600 பேர் கொண்ட நியூசிலாந்தின் 22-ஆம் பட்டாலியன். தளபதி ஆண்ட்ரூ. முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர், அதாவது கோழை அல்ல. குண்டுவீச்சில் டெலிபோன் கம்பிகள் அறுந்து போயின, வயர்லெஸ் சரியாக வேலை செய்யவில்லை, பக்கத்துப் பட்டாலியனுக்குக் காட்டிய ஒளிச் சைகையை யாரும் கவனிக்கவில்லை. இருந்த இரண்டு டாங்கிகளையும் அனுப்பினார். ஒன்றுக்குக் குண்டு பீரங்கியில் பொருந்தவில்லை; இன்னொன்று ஆற்றுப் படுகையில் சிக்கியது. முன்னால் நின்ற இரண்டு கம்பெனிகளிடமிருந்து தகவலே இல்லை. அழிந்துவிட்டார்கள் என்று நினைத்து, இரவோடு இரவாகக் குன்றை விட்டு விலகினார். அந்த இரண்டு கம்பெனிகளும் அங்கேயே தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தன. விடிந்து பார்த்தால் குன்று காலி. மறுநாள் மாலை, பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே, மாலெமேயில் ஜெர்மன் விமானங்கள் மலைப்படை வீரர்களைக் கொண்டுவந்து இறக்கின. அதோடு ஆட்டம் மாறிவிட்டது.

இதை மேசையில் வைக்கும்போது என்ன தொல்லை தெரியுமா? கதை தெரிந்தவன் எவனும் குன்றை விட்டு இறங்க மாட்டான்! அவ்வளவு காய்களையும் கொண்டுபோய் 107-இல் அடுக்கிவிடுவான். ஜெர்மன் பக்கம் தோற்கும். எல்லோரும் கை தட்டிவிட்டு, "ஆண்ட்ரூ ஒரு முட்டாள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மலையும் ஆறும் ஒலிவத் தோப்பும் அட்டையில் கச்சிதமாக வரையலாம். அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாமல் இருந்ததை வரைவது எப்படி? இந்த ஆட்டத்தில் எங்கள் உழைப்பில் முக்கால்வாசி அதற்குத்தான் போயிற்று.

முதலில் தீவின் பெயரை எடுத்தோம். வரைபடத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாற்றி, ஊர்ப் பெயர்களையும் மாற்றினோம். மாலெமே எங்கள் ஆட்டத்தில் "பழைய கொட்டகை". பட்டாலியன் தளபதியாக ஆடுபவர் பெரிய வரைபடத்தைப் பார்க்கவே கூடாது; வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்காருவார். தன்னைச் சுற்றி இரண்டு கட்டம் வரைக்கும் உள்ள துண்டுப் படம்தான் அவர் கையில். சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். நடுவர் பகடை உருட்டுவார். 1, 2, 3 விழுந்தால் சீட்டு அவர் சட்டைப்பையிலேயே இருந்துவிடும். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்.

எதிர்ப்பக்கத்துக்கும் இதே கதிதான். பாராசூட் இறக்கத்துக்குப் பகடையே கிடையாது. காகிதத் துண்டுகளைப் படத்துக்கு ஓர் அடி மேலிருந்து போடுவோம். எங்கே விழுந்ததோ அங்கே இறங்கியதாகக் கணக்கு. அவர்களுடைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை தனிப் பெட்டிகளில்தான் இறங்கின. அதனால் சிவப்புத் துண்டுகள் தனியாக விழும். சிவப்புத் துண்டைத் தேடிச் சேரும்வரை அந்த வீரர்களிடம் கைத்துப்பாக்கியும் கையெறி குண்டும்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போட வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் அது தனி வீரம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரீட் என்ற பெயரையே கேள்விப்படாத ஒரு இன்ஜினீயரிங் மாணவன் வராந்தாவில் உட்கார்ந்தான். ஏழு சீட்டு எழுதினான். இரண்டுக்குத்தான் பதில் வந்தது. பதில் வராத இரண்டு கம்பெனிக் காய்களையும் தன் துண்டுப் படத்தில் தானே பென்சிலால் அடித்துவிட்டு, "சார், நான் பின்னாடி போயிடறேன்" என்றான். உள்ளே மேசையில் அந்த இரண்டு காய்களும் முழுசாக நின்றுகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

நடுவர் வேலைதான் இதில் கடினம். அவர் மனசு ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாம் போச்சு. மிட்வே தீவுப் போருக்கு முன்பு, 1942-இல் ஜப்பானியக் கடற்படை ஆடிப் பார்த்த ஆட்டத்தில் தங்கள் விமானந்தாங்கிக் கப்பல்கள் மீது விழுந்த குண்டுகளின் எண்ணிக்கையை அட்மிரல் உகாகி குறைத்துவிட்டார். மூழ்கிய கப்பலும் மிதந்தது. அந்த ஜூன் மாதம் நிஜக் கடலில் நாலு கப்பல்கள் போயின.

இன்னொரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். கிரீட்டில் ஊர் மக்களும் போரிட்டார்கள். கிழவர்களும் பெண்களும்கூட, பழைய துப்பாக்கியோ அரிவாளோ கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எனவே அவர்களுக்கும் காய் உண்டு. போர் முடிந்த மறுநாளே, ஜூன் 2-ஆம் தேதி, கொண்டொமாரி கிராமத்து ஆண்களை ஜெர்மானியர் நிறுத்திவைத்துச் சுட்டார்கள். ஜூன் 3-இல் கண்டானோஸ் கிராமத்தையே அழித்தார்கள். "ஊர் மக்கள் காய்க்கு எத்தனை பாயின்ட் சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எங்களுக்குள் இரண்டு வாரம் சண்டை. போர் விளையாட்டில் இதெல்லாம் எதற்கு, ஜூன் 1-உடன் நிறுத்துங்கள் என்றார் ஒரு நண்பர். அந்த மக்கள் இல்லாமல் நிஜப் போர் நடக்கவில்லையே, பிறகு எப்படி நிறுத்துவது என்பது என் கட்சி. கடைசியில் அந்தக் காய்களை இரு தரப்பும் தொடக்கூடாது, நடுவர்தான் நகர்த்துவார், பாயின்ட் கிடையாது என்று வைத்தோம். ஆட்டம் முடிந்ததும் அந்த இரண்டு கிராமத்துக் காய்களையும் நடுவர் படத்திலிருந்து எடுத்துவிடுவார். நண்பருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. அடுத்த வாரமும் வாதம் உண்டு.

மாலை நாலு மணிக்கு வரலாற்றுத் துறை அறையில் ஆட்டம் வைத்திருக்கிறோம். இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் கேட்ட நீங்கள் யாரும் வராந்தாவில் உட்கார முடியாது. உங்களுக்குச் சீட்டு கொண்டுபோகும் வேலைதான். ஆனால் நான் மைக்கைப் பிடித்ததும் காப்பி குடிக்க எழுந்து போனவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இன்னும் திரும்பவில்லை. அவர்களில் நாலு பேரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விவரம் எதுவும் சொல்லாதீர்கள்.