நாரி நோவுக்கு ஒரு துவாய்

திருகோணமலைக் கடற்கரையில் வலை பொத்துகிறவருக்கும், துறைமுக அலுவலகத்தில் கணினி முன் இருப்பவருக்கும், ஓட்டோ ஓட்டுபவருக்கும் பொதுவான வருத்தம் நாரி நோ. எண்ணெய், மருந்து, கன்னியா வெந்நீரூற்றுக் குளியல் எல்லாம் பார்த்தாயிற்று. எப்படி இருக்கிறோம் என்று பார்த்தோமா?

சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், 1960களில் முதுகெலும்பு வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளக்கத் தொடங்கினார். முன்னால் குனிந்து இருந்தால் அது நிற்பதைவிடக் கூடியது. பின்னால் சாய்ந்தால் குறைந்தது.

ஆகவே கதிரையில் நன்றாகப் பின்தள்ளி இருங்கள். துவாயைச் சுருட்டி நாரிக்குப் பின்னால் வையுங்கள். பாதம் நிலத்தில் முட்டட்டும். மணலில் இருப்பவர்கள் தோணியில் முதுகைச் சாய்க்கலாம். அரைமணிக்கு ஒருக்கால் எழுந்து நடவுங்கள். கால் விறைத்தாலோ, சலம் போவதில் மாற்றம் தெரிந்தாலோ உடனே வைத்தியரிடம் போங்கள்.