சங்கத்தின் இணையத்தளத்திற்கு இடந்தேர்தல்
(சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்திற்கு இணையத்தளம் ஒன்று அமைத்தல் வேண்டுமென்று செயற்குழுவினர் தீர்மானித்துள்ளமை யாவரும் அறிந்ததே. அதனை எவரிடத்தில் வைப்பது என்பது குறித்துச் சில கூறுமாறு யாம் பணிக்கப்பட்டோம். தமிழாசிரியர்க்கு இத்துறையில் என்ன வேலை என்று சிலர் வினவுதல் கூடும். எழுதியதைக் காத்தல் தமிழாசிரியர் கடமையாகலின், எமக்கும் இதன்கண் சிறிது உரிமை உண்டு.

முதற்கண், பெயர் வேறு, இடம் வேறு என்பதனை உணர்தல் வேண்டும். நாமக்கல்லில் லாரி ஆபீசு நடத்துவோர் கட்டடம் மாறுங்கால் பெயர்ப்பலகையைக் கழற்றிச் சென்று புதிய இடத்தில் மாட்டுகின்றனர். வாடிக்கையாளரும் வழி தவறுவதில்லை. டொமைன் என்பது அப்பெயர்ப்பலகை. ஹோஸ்டிங் என்பது வாடகைக் கட்டடம். பலகை நம்முடையதாயின் கட்டடத்தை எப்பொழுதும் மாற்றலாம். ஆதலின் டொமைன் சங்கத்தின் பெயரிலேயே பதிவாதல் வேண்டும். கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் பெயரில் அன்று. லாரி ஒருவருடையதாகவும் ஆர்.சி. புத்தகம் மற்றொருவர் பெயரிலும் இருப்பின் விளைவது யாதென்பதை இச்சீமையார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, இலவசமாகக் கிடைக்கும் இடம் போதாதோ என்பார் உளர். 1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் என்னும் நிலையம் உலகோர்க்கு இலவசமாக இடம் அளித்தது. 1999-இல் அதனை யாகூ நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. 2009 அக்டோபர் 26-இல் மூடிவிட்டது. பல்லாயிரவர் பக்கங்கள் அத்துடன் மறைந்தன. கூலி கொடாத இடத்தில் உரிமை பேசுதல் அரிது.

கூலி கொடுத்தாலும் கவலை தீர்ந்துவிடாது. 2021 மார்ச்சு 10-இல் பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் நிலையம் ஒன்று தீயில் முற்றும் அழிந்தது. சுமார் 36 லட்சம் தளங்கள் முடங்கினவென்று நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. வேறிடத்தில் படி வைத்திருந்தோர் மீண்டனர்; அங்ஙனம் வையாதோருட் பலர் இழந்தது இழந்ததே.

இதற்கு மாறாக, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தினை நோக்குமின். சுவிட்சர்லாந்தில் வதியும் முனைவர் கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமையில் பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றி நம் நூல்களைத் தட்டெழுதி வழங்கினர். அவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் வைத்தனர். எவரும் படியெடுத்துக்கொள்ளவும் இசைந்தனர். ஓரிடத்தையே நம்பாமையால் அந்நூல்கள் இன்றும் நம் கையில் உள.

ஆதலின் இடம் தருவோரிடம் நாம் வினவத்தக்கன இவை. நாள்தோறும் படி எடுப்பரோ? அப்படி வேறூரில் இருக்குமோ? நாம் கேட்டவுடன் அனைத்தையும் நம் கையில் தருவரோ? முதலாண்டுக் கட்டணம் குறைவாயினும் புதுப்பிக்கும்போது எவ்வளவு? நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் தளம் இயங்கும் என்று விளம்பரஞ் செய்வர். அங்ஙனமாயினும் ஆண்டிற்கு ஏறக்குறைய எட்டேமுக்கால் மணி நேரம் நிற்கலாம் என்பது அதன் பொருள். நின்றால் தொலைபேசியில் விடை கூற ஆள் உண்டோ?

மற்றொன்று மிக முதன்மையானது. நம் தளத்தில் வரன் பதிவும், மாணவர் உதவித்தொகை விண்ணப்பமும் இடம்பெறும். நம் பெண்மக்களின் படமும் சாதகமும் தொலைபேசி எண்ணும் பிறர் கைக்குச் சென்றால் மீட்டல் இயலாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விவரத்தைப் பெற்றவரே அதற்குப் பொறுப்பாவர். வைக்க இடம் தந்தவர்மேல் பழியைச் சுமத்தி நாம் விலகுதல் இயலாது. எனவே வரன் விவரங்கள் உறுப்பினர்க்கன்றிப் பிறர்க்குத் திறவாதிருத்தல் வேண்டும்.

நம்மவர் ஒருவர் இத்தொழில் செய்கின்றார், அவரிடமே கொடுப்போம் என்னும் பேச்சும் எம் செவிக்கு எட்டியது. கொடுப்போம்; தடையில்லை. ஆனால் மேற்கூறிய வினாக்களுக்கு அவரும் எழுத்தில் விடை தரல் வேண்டும். ரசீதும் தரல் வேண்டும். உறவு வேறு, கணக்கு வேறு. எழுதிக்கொள்ளாத கொடுக்கல் வாங்கலால் பணம் மட்டுமன்று, உறவும் கெடும். எழுதிக்கொண்டால் இரண்டும் நிலைக்கும்.

முடிவாக, செயற்குழுவினர்க்கு யாம் பணிந்து கூறுவது இது: கடவுச்சொற்களைச் செயலாளர், பொருளாளர் ஆகிய இருவரும் அறிந்திருக்க, பொறுப்பு மாறும்போது அவற்றைக் கணக்குப் புத்தகத்துடன் ஒப்படைக்க, திங்கள்தோறும் ஒரு படி சங்க அலுவலகத்திற்கு வந்து சேர்க, ஆண்டிற்கொருமுறை அப்படியைத் திறந்து பார்க்க. திறந்து பாராத படி, பூட்டிய பெட்டியில் உளதோ இலதோ என்று அறியாத நகையை ஒக்கும்.

நம் முன்னோர் தேடிய பெயரையும், நம் மக்களின் மானத்தையும் வைக்கப்போகும் இடம் இது. விலையை மட்டும் பாராது, ஆராய்ந்து தேர்வீர்களாக.