வீட்டிலிருந்தே ஜவுளி வாங்குவோருக்குச் சில சொற்கள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் பேசவல்ல அறிஞர் பலர் இச்சபையில் அமர்ந்திருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் எனக்கு, விழாக் குழுவினர் குடும்பத்திற்குத் துணிமணி வாங்குதல் என்னும் பொருளைக் கொடுத்திருக்கின்றனர். இது சிறிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் லக்ஷ்மிபாய் நகரில் மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் நமக்கு இது சிறிய பொருள் அன்று. ரயில்வே ஊழியர்களுக்கு 2025-ஆம் ஆண்டு பண்டிகைக்கு முன் 78 நாள் ஊதியம் போனஸாக அறிவிக்கப்பட்டது. அதன் உச்ச அளவு ரூ. 17,951. ஊரிலுள்ள தாய் தந்தையர், இங்குள்ள மனைவி மக்கள் ஆகிய அனைவருக்கும் புத்தாடை இந்தத் தொகைக்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே அதை எவ்விதம் செலவிடுகிறோம் என்பது குடும்பத்தின் நன்மையைப் பொறுத்த விஷயமே.

துணி வாங்க நமக்கு இடமில்லாமல் இல்லை. கூப்பிடு தூரத்தில் சரோஜினி நகர் மார்க்கெட் இருக்கிறது. நெசவாளரும் கைவினைஞரும் தம் சரக்கைத் தாமே விற்கும் தில்லி ஹாட், ஐ.என்.ஏ.வுக்கு எதிரே 1994 முதல் நடந்து வருகிறது. பின்னர் 1999-இல் அன்சல் பிளாசாவும், 2007-இல் சாகேத்தில் செலக்ட் சிட்டிவாக்கும் திறக்கப்பட்டன. மும்பையில் 1991-இல் தொடங்கிய ஷாப்பர்ஸ் ஸ்டாப், 1999-இல் நம் சென்னையில் முதற் கடையைத் திறந்த லைஃப்ஸ்டைல் போன்ற நிறுவனங்கள், ஒரே கூரையின் கீழ் குடும்பம் முழுவதற்கும் ஆடை விற்கும் வழக்கத்தை வளர்த்தன. இன்று அதே கடைகள் இணையதளமாகி நம் கைப்பேசிக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டன.

இவ்வசதியை நான் குறை கூறுபவன் அல்லன். கைக்குழந்தையோடு கூட்டத்தில் இடிபட வேண்டியதில்லை. பேரம் பேசத் தெரியாதவரும் ஏமாறாமல் ஒரே விலைக்கு வாங்கலாம். திருநெல்வேலியில் இருக்கும் தந்தைக்குத் தில்லியிலிருந்தே வேட்டி அனுப்பி வைக்கலாம். எனினும், கடைக்குச் சென்றபோது நம்மிடம் இருந்த மூன்று துணைகள் இவ்வாணிபத்தில் நம்மை விட்டு நீங்குகின்றன. தொட்டுப் பார்க்கும் கை ஒன்று. உடுத்திப் பார்க்கும் அளவு ஒன்று. உடன் வந்தவர்களின் ஆலோசனை ஒன்று. இம்மூன்றையும் வீட்டிலேயே மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

முதலாவது, கை. என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். ரயிலில் அனுப்பும் சரக்கை ஊழியர் எண்ணிப் பார்த்து ஏற்காதபோது, இதில் இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்ற குறிப்போடுதான் ரசீது கொடுப்பது வழக்கம். உள்ளே இருப்பதற்கு அந்த ரசீது சாட்சி ஆகாது. இணையதளத்தில் காணும் படமும் அத்தகையதே. விளக்கின் ஒளியில் நிறம் மாறும். ஊசி குத்தி இழுத்துப் பிடித்த சட்டை, உயரமான இளைஞன் மேல் அழகாகவே விளங்கும். ஆகவே படத்தை விட்டு, அதன் கீழுள்ள எழுத்தைப் படியுங்கள். நூறு சதவீதம் பருத்தியா, பாலியெஸ்டர் கலந்ததா என்பது அங்கேதான் இருக்கும். ஆர்ட் சில்க் என்றால் கலைநயம் மிக்க பட்டு என்று பொருளல்ல. செயற்கைப் பட்டு என்றே பொருள். தில்லியின் மே மாத வெயிலில் குழந்தைக்கு எதை உடுத்துவது என்பதை இந்த ஒரு வரியே முடிவு செய்யும். அசல் பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க் என்னும் முத்திரையும், கைத்தறிக்கு 2006 முதல் ஹேண்ட்லூம் மார்க் என்னும் முத்திரையும் உண்டு. 1935-இல் தோன்றிய நம் நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸும் இன்று இணையவழி விற்பனை செய்கிறது என்பதைத் தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இரண்டாவது, அளவு. எஸ், எம், எல் என்னும் எழுத்துகள் எல்லாக் கடைகளிலும் ஒன்றையே குறிப்பதில்லை. ஒரு கடையின் எம், மற்றொரு கடையின் எல்லாக இருக்கும். நம் நாட்டு உடலமைப்புக்கென்று தனி அளவு முறை இல்லாத குறையை உணர்ந்தே, ஆறு நகரங்களில் 25,000 பேரை அளந்து பட்டியல் வகுக்கும் திட்டம் ஒன்று தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியாகிய நிஃப்டின் பொறுப்பில் 2018-இல் மேற்கொள்ளப்பட்டது. நாமும் நம் அளவில் அதைச் செய்யலாம். ஓர் அளவு நாடாவும் ஒரு பழைய நோட்டும் போதும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கால் நீளம் ஆகியவற்றை எழுதி, அளந்த தேதியையும் குறித்து வையுங்கள். நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்து அளந்தால் இன்னும் சிறப்பு. பிறகு கடையின் அளவுப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். அப்பட்டியல் உடலின் அளவா, தைத்த ஆடையின் அளவா என்பதையும் கவனியுங்கள். குழந்தைகளுக்கு வயதை நம்பாமல் உயரத்தை நம்புங்கள். ஊரிலுள்ள பெரியவர்களுக்கு வேட்டி வாங்கும்போது நான்கு முழமா எட்டு முழமா என்று கேட்டறிந்து, மீட்டர் கணக்கைப் பாருங்கள். நான்கு முழம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எட்டு முழம் அதில் இரு மடங்கு. புடவையில் ரவிக்கைத் துணி சேர்ந்ததா இல்லையா என்பதும் அங்கே எழுதியிருக்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இன்னும் இரண்டே உள்ளன, பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது என்று அவசரப்படுத்தும் வாசகங்களைக் கண்டு மயங்காதீர்கள். பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும், கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் உள்ளிட்ட 13 வகைச் சூழ்ச்சிகளை மத்திய அரசு 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் தடுத்திருக்கிறது. விலையைப் பார்க்கும்போது வரியையும் நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு ஐந்து சதவீதமும், அதற்கு மேற்பட்டதற்குப் பதினெட்டு சதவீதமும் வரி. பெரிய கடையின் பெயரைச் சற்றே மாற்றி வைத்துக்கொண்டு, பாதிக்குப் பாதி விலை என்று கூவும் போலித் தளங்களும் உலவுகின்றன. முகவரியை எழுத்துக் கூட்டிப் படித்த பின்னரே பணம் செலுத்துங்கள்.

பொருள் வந்து சேர்ந்ததும் கடமை முடிந்துவிடுவதில்லை. ரயில்வேயில் சிப்பம் சிதைந்து வந்தால், பெறுபவர் முன்னிலையில் பிரித்துச் சோதித்து ஒப்படைக்குமாறு கேட்கும் முறை உண்டு. வீட்டிலும் அவ்வாறே உடனே பிரித்து, உடுத்திப் பார்த்து, சீட்டைக் கிழிக்காமல் வைத்திருக்க வேண்டும். தீபாவளியன்று காலைதான் பிரிப்பேன் என்று பெட்டியில் பூட்டி வைத்தால், திருப்பியனுப்பும் கெடு கடந்துவிடும். 2020-ஆம் ஆண்டின் மின்னணு வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்திற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்க முடியாது. குறை கேட்கும் அதிகாரியின் பெயரைத் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் அவர் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். அவ்வாறு நடக்கவில்லையெனில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மேலே போக வேண்டுமானால், கடையின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் தில்லியிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரச் சட்டம் இடமளிக்கிறது. ஐந்து லட்ச ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. எண்ணூறு ரூபாய்ச் சட்டைக்கு இவ்வளவு தொல்லையா என்று நாம் சும்மா இருந்துவிடுவதால்தான் தவறு செய்பவருக்குத் துணிவு வருகிறது.

மூன்றாவதாகிய ஆலோசனையைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் ஜவுளிக்கடைக்குக் குடும்பமே சென்றது. ஜமக்காளத்தில் அமர்ந்து, பாட்டிக்கு எது, அத்தைக்கு எது என்று பேசி எடுத்தனர். இன்று ஒருவர் மட்டும் இரவில் தனியே கைப்பேசியைப் பார்த்து வாங்குகிறார். பெரும்பாலான வீடுகளில் அவர் குடும்பத்தலைவிதான். அவர் கூடையில் எல்லோருக்கும் ஆடைகளைச் சேர்க்கிறார். கடைசியில் தமக்கும் ஒரு புடவை சேர்க்கிறார். கூட்டுத்தொகை கையிருப்பைத் தாண்டுகிறது. உடனே எதை நீக்குகிறார்? மகனின் கால்சட்டையையா? மாமனாரின் வேட்டியையா? தம் புடவையைத்தான் நீக்குகிறார். கடையில் என்றால் மாமியாரோ மகளோ, ஏன் உனக்கு எடுக்கவில்லை என்று கேட்டிருப்பார்கள். கைப்பேசியில் நீக்கியதை யாரும் காண்பதில்லை; கேட்பாரும் இல்லை. இது கடையின் குற்றமன்று. சட்டம் திருத்தக்கூடிய குறையும் அன்று. நாம்தான் திருத்த வேண்டும்.

அதற்கு வழி எளியது. பணம் செலுத்துமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டார் அனைவரும் ஒன்றாக அமருங்கள். கூடையிலுள்ள ஒவ்வொன்றையும் உரக்கப் படியுங்கள். யாருக்கு என்ன இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பாருங்கள். தொகை மிகுந்தால் எல்லோருடைய ஆடையிலும் சிறிது குறையட்டும்; ஒருவருடையது மட்டும் மறையவேண்டாம். பிள்ளைகள் இதைக் கண்டு வளர்ந்தால், வீட்டுக் கணக்கும் கற்பார்கள்; பிறர் தேவையை எண்ணிப் பார்க்கவும் கற்பார்கள். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். அந்த ஆடையைக் கலந்து பேசி எடுக்கும் பழக்கம், ஊரை விட்டு வந்து வாழும் நமக்குக் குடும்பத்தைக் கட்டிக் காக்கும் பழக்கங்களுள் ஒன்றாகும்.

வரும் பண்டிகையில் நம் காலனியின் ஒவ்வோர் இல்லத்திலும் அனைவரும் புத்தாடை உடுத்தி மகிழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.