இரண்டு குறிப்பேடுகள்: பாஷோவும் சோராவும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



சுற்றுலா சென்று திரும்பிய கவிஞர் ஒருவரிடம் ஊர் எப்படி இருந்தது என்று வினவினால், பெரும்பாலும் விடையாகக் கிடைப்பது ஒரு கவிதை. நன்று. ஆயின் எந்த நாளில் சென்றார், எந்தத் தெருவில் தங்கினார், வழி தெரியாதபோது யாரிடம் கேட்டார் என்று அடுத்து வினவினால் அவர் தடுமாறுவார். ஓராண்டு கழிந்தால் கவிதை மட்டுமே எஞ்சும். அது எதிலிருந்து பிறந்தது என்பது பாடியவர்க்கே மறந்துபோகும். பயணத்தை நினைவில் இருத்த நாட்குறிப்பு எழுதுக என்று அறிவுரை கூறுவோர் பலர். எத்தகைய நாட்குறிப்பு என்று கூறுவோர் சிலரே. இதனை ஆராய்வதற்கு ஜப்பானிய இலக்கியத்தில் ஓர் அரிய சான்று உண்டு. பயணம் ஒன்று, சென்றவர் இருவர், இருவரும் எழுதினர், இருவர் எழுத்தும் கிடைத்துள்ளன.

1916-இல் சுதேசமித்திரனில் பாரதியார் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய நாள்தொட்டு ஐக்கூ தமிழ்க் கவிஞர்க்குப் புதிதன்று. அக்கவிதையின் பெருமகனாகப் போற்றப்படும் மட்சுவோ பாஷோ (1644-1694), 1689-ஆம் ஆண்டு மூன்றாம் திங்கள் 27-ஆம் நாள், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். குடியிருந்த குடிலைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்துவிட்டே கிளம்பினார் என்பதிலிருந்து அவர் திரும்பி வருவதைப் பெரிதாக எண்ணவில்லை என்பது புலனாகும். உடன் சென்றவர் அவருடைய மாணாக்கர் கவாய் சோரா. ஆசிரியரைவிட ஐந்தாண்டு இளையவர். ஏறத்தாழ ஐந்து திங்கள், 2,400 கிலோமீட்டர் அளவு, பெரும்பாலும் நடந்தும் சிற்சில இடங்களில் குதிரையிலும் படகிலுமாகச் சென்றனர். இப்பயணத்தின் விளைவாகப் பாஷோ எழுதிய 'ஓகு நோ ஹோசோமிச்சி' ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க சிறு நூல். எனினும் அதற்கு இறுதி வடிவம் கொடுக்க ஐந்தாண்டு ஆயிற்று. 1694-இல் படியெடுத்து முடிந்தது. அவ்வாண்டிலேயே பாஷோ மறைந்தார். 1702-இல் நூல் அச்சேறியது.

சோராவின் குறிப்பேட்டுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. நாள், வானிலை, ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவு, தங்கிய வீட்டார் பெயர், சந்தித்தவர் பெயர் என இவையே அதில் நிறைந்தவை. பயணத்திற்கு முன்பே வழியிலுள்ள கோயில்களையும் பழம்பாடல்களில் புகழ்பெற்ற இடங்களையும் தொகுத்து அதில் எழுதிக்கொண்டார். பாடிய பாடல்களையும் பாடியவாறே குறித்து வைத்தார். அக்குறிப்பேடு 1943-இல்தான் அச்சில் வெளிவந்தது. அதன்பின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு வியப்பு மேலிட்டது. பல இடங்களில் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

முதல் நாளே வேறுபாடு தொடங்கிவிடுகின்றது. அன்றிரவு சோகா என்னும் ஊரை அடைந்ததாகப் பாஷோ எழுதுகிறார். சோராவோ அதற்கும் அப்பால் நெடுந்தொலைவிலுள்ள கசுகாபேயில் தங்கியதாகக் குறிக்கிறார். நடந்து பழகாத உடல், தோளை அழுத்தும் மூட்டை, பிரிந்து வந்த நண்பர்கள் - இவற்றைச் சொல்ல வந்த நூலுக்கு, முதல் நாளில் சிறிது தொலைவே கடந்ததாகக் காட்டுவது பொருத்தமாயிற்று போலும்.

நிக்கோ என்னும் திருத்தலத்தில் நடந்தது இன்னும் சுவையானது. மூன்றாம் திங்கள் முப்பதாம் நாள் அம்மலையடிவாரத்தில் தங்கியதாகவும், தம்மைப் 'புத்தர்' என ஊரார் அழைப்பதாகக் கூறிய கள்ளமற்ற விடுதிக்காரர் ஒருவரைக் கண்டதாகவும், மறுநாள், அதாவது நான்காம் திங்கள் முதல் நாள், திருத்தலத்தை வழிபட்டதாகவும் பாஷோ எழுதுகிறார். அவ்வாண்டு மூன்றாம் திங்களுக்கு இருபத்தொன்பது நாளே. முப்பதாம் நாள் என ஒன்று இல்லை! சோராவின் குறிப்பின்படி, முதல் நாளன்று நிக்கோவை அடைந்து, வழிபட்டு, அதன் பிறகே அவ்விடுதிக்காரர் வீட்டில் தங்கினர். எளிய மனிதரை முதலில் காட்டிப் பின்னர்த் திருத்தலத்தின் ஒளியைக் காட்ட விரும்பிய பாஷோ, அதற்கென நாட்காட்டியில் ஒரு நாளைப் படைத்துக்கொண்டார். ஹிராய்சூமியில் இரண்டு மண்டபங்கள் திறந்திருந்தன என்பது அவர் கூற்று. காப்பாளர் ஊரில் இல்லாமையால் சுவடி மண்டபம் திறக்கப்படவில்லை என்பது சோரா கூற்று. இச்சிபுரியில் விலைமகளிர் இருவர் அடுத்த அறையில் தங்கியிருந்த நிகழ்ச்சி நூலின் புகழ்பெற்ற பகுதி. அங்குப் பாடிய பாடலைச் சொல்லச் சோரா எழுதிக்கொண்டார் என்றே பாஷோ முடிக்கிறார். சோராவின் ஏட்டில் அப்பாடலும் இல்லை, அப்பெண்களும் இல்லை.

இதனைக் கொண்டு பாஷோ பொய்யுரைத்தார் என முடிவு கட்டுதல் அவருடைய மரபை அறியாமையாகும். ஜப்பானில் பயண நாட்குறிப்பு தொடக்கம் முதலே புனைவைத் தழுவியே வளர்ந்தது. கி.பி. 935-இல் தோசா நாட்டு ஆளுநர் பணி முடித்துத் தலைநகர் திரும்பிய கி நோ சுராயுகி, அக்கடற்பயணத்தை ஒரு பெண் எழுதியதாகவே எழுதினார். ஆடவர் நாட்குறிப்பைச் சீன மொழியில் எழுதும் வழக்கம் நிலவிய காலம் அது. தோசாவில் இறந்துபோன சிறுமகளை எண்ணித் தம் தாய்மொழியில் அழ அவருக்குப் பெண்ணின் குரல் தேவைப்பட்டது. (பெண்கள் தம் பெயரை மறைத்து ஆண் பெயரில் எழுதிய வரலாறு எங்கும் உண்டு, இஃது அதன் மறுதலை.) அம்மரபில் வந்த பாஷோ, வானிலையையும் மரத்தையும் ஆற்றையும் வரிசையாக எழுதுவது எவர்க்கும் இயலும், புதுமை இல்லாதபோது அவ்வாறு எழுதாதிருத்தலே நன்று என்னும் கருத்தை வேறொரு பயண நூலில் வெளியிட்டுள்ளார். அவர் இகழ்ந்த அக்குறிப்பைத்தான் சோரா இரவுதோறும் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த அளவில் நின்றுவிட்டால், கவிஞர் கலை செய்தார், உடன் வந்தவர் கணக்கு எழுதினார் என்று அமைதி கொள்ளலாம். ஆனால் இஷினோமாக்கியில் நடந்ததை அவ்வளவு எளிதில் கடந்துவிட முடியாது. வழி தவறி அத்துறைமுக நகரை அடைந்ததாகவும், தங்க இடம் கேட்டும் ஒருவரும் தரவில்லை என்றும், எளிய சிறு வீடொன்றில் ஒருவாறு இரவைக் கழித்ததாகவும் பாஷோ எழுதுகிறார். படிப்போர் நெஞ்சில் அத்தனிமை ஆழப் பதிகின்றது. சோரா எழுதுவது வேறு. வழியில் யாமோட்டோ என்னும் இடத்தில் நாவறண்டு, வீடு வீடாக வெந்நீர் கேட்டனர்; ஒருவரும் கொடுக்கவில்லை. வாள் தரித்து வழியே சென்ற ஒருவர், ஐம்பத்தேழு ஐம்பத்தெட்டு அகவையினர், அந்நிலை கண்டு இரங்கினார். தாம் வந்த வழியே நூறு மீட்டர் அளவு திரும்பி நடந்து, தமக்கு அறிமுகமான வீட்டிற்கு அழைத்துச் சென்று வெந்நீர் வாங்கித் தந்தார். இஷினோமாக்கியில் இன்ன தெருவில் இன்னாரைக் கேளுங்கள், தங்க இடம் தருவார் என்று சொல்லிச் சென்றார். அவ்வாறே கேட்டனர், இடமும் கிடைத்தது. இரங்கிய அப்பெருமகனின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிவைத்துள்ளார் சோரா.

வழியிடை வந்தவர்க்கு, இன்ன வழியே சென்று இன்னாரைக் காண்க என்று கூறுவதையே ஓர் இலக்கிய வகையாக்கி ஆற்றுப்படை எனப் பெயரிட்டது தமிழ். அவ்வகையில் பயின்றவர்க்குப் பாஷோவின் இந்த மாற்றம் உறுத்தவே செய்யும். நிக்கோவில் நாளை மாற்றியதால் எவர்க்கும் இழப்பில்லை. இங்கோ, வெந்நீர் வாங்கிக் கொடுத்த ஒருவர் நூலிலிருந்து நீக்கப்பட்டார். தங்க இடம் தந்த ஊர், இடம் தராத ஊராக மாறியது. தனிமை என்னும் சுவைக்காகச் செய்ந்நன்றி விலையாகக் கொடுக்கப்பட்டது. கலையின் தேவை இது என வாதிடுவோர் இருக்கலாம். அவ்வாதத்தை ஏற்றாலும், சோரா எழுதியிராவிடில் அம்மனிதர் இருந்தார் என்பதே எவர்க்கும் தெரிந்திராது.

சோராவும் பிழைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். புறப்பட்ட நாளை இருபது என்று எழுதி, அடுத்த குறிப்பை இருபத்தேழாம் நாள் இரவில் தொடங்குகிறார். எழுத்துப் பிழையா, இடையில் வேறு காரணம் உண்டா என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். கணக்கு எழுதுபவர்க்கும் கை வழுவும் என்பதற்கு இது சான்று. அதனால் ஏட்டின் மதிப்புக் குறையவில்லை.

கவிதைக்கும் அவ்வேடு செய்த உதவி பெரிது. மலைக்கோயில் ஒன்றில் சில்வண்டின் ஒலி பாறைக்குள் இறங்குவதைப் பாடிய பாஷோவின் ஐக்கூவை அறியாத ஐக்கூக் கவிஞர் இரார். சோரா குறித்துவைத்த முதல் வடிவம் அந்த மலைக்கோயிலைக் கூறித் தொடங்குகின்றது. நூலில் இடம்பெற்ற வடிவமோ அமைதியைக் கூறித் தொடங்குகின்றது. இடப்பெயர் உதிர்ந்து ஓர் உணர்வு அவ்விடத்தில் அமர்ந்தது. மொகாமி ஆற்றைப் பற்றிய பாடல் ஆற்றங்கரை வீட்டில் நண்பர் கூடியிருந்தபோது பிறந்தது. வீட்டுக்குரியவர்க்கு வணக்கம் கூறும் வகையில் ஆற்றின் குளிர்ச்சியைப் பாடினார். பின்னர் அதே ஆற்றில் மழைக்காலப் பெருக்கில் படகேறிச் சென்ற பட்டறிவு அவருக்கு வாய்த்தது. நூலில் குளிர்ச்சி இருந்த இடத்தில் விரைவு வந்தமர்ந்தது. ஒரு சொல் மாறியது, பாட்டே மாறியது. இறுதி வடிவம் மட்டும் கையில் இருந்தால் இப்பாடம் எவர்க்கும் கிடைத்திராது. 1996-இல் பாஷோவின் கையெழுத்துப்படி என அறிவிக்கப்பட்ட ஏட்டிலும் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் தாள் ஒட்டித் திருத்தியிருப்பது காணப்பட்டது. அது அவர் கையெழுத்தே என்பதில் கருத்து வேறுபாடு உண்டெனினும், அந்நூல் வழிநெடுக எழுதப்பட்டதன்று, வீட்டிலமர்ந்து செதுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஆகவே பயணம் செல்லும் கவிஞர் பாஷோவின் ஏட்டை வழியிலேயே எழுத முற்படுதல் வேண்டா. இரவில் களைத்து அமர்ந்து அழகாக எழுத முயன்றால் அழகும் வாராது, செய்தியும் தங்காது. அன்றன்று எழுதத்தக்கது சோராவின் ஏடே: நாள், நடந்த தொலைவு, பேருந்துக் கட்டணம், உண்ட உணவு, தங்கிய இடம், மழை பெய்ததா இல்லையா; எல்லாவற்றிற்கும் மேலாக, வழிகாட்டியவர் பெயர். கவிதை தோன்றினால் தோன்றியவாறே எழுதி, அடிக்காமல் விட்டுவைத்தல் நன்று. இக்காலத்தில் கைப்பேசி எடுக்கும் படம் நாளையும் இடத்தையும் தானே பதிந்துகொள்கின்றது என்பது உண்மை. தண்ணீர் கொடுத்தவர் பெயரை அது கேட்பதில்லை.

பயணத்தின் இறுதிப் பகுதியில், யாமனாகாவில், வயிற்று நோயால் வருந்திய சோரா ஆசிரியரைப் பிரிந்து முன்னே சென்றார். அப்பிரிவைப் பாஷோ உருக்கமாக எழுதியுள்ளார். தனியே நடந்த சோரா, நோயோடும் நாள்தோறும் குறிப்பெழுதுவதை விடவில்லை. பாஷோவுக்குச் சில நாள் முன்னதாகவே சுருகாவை அடைந்த அவர், அங்கிருந்த விடுதிக்காரரிடம் ஒரு பொன் நாணயத்தைக் கொடுத்து, பின்னால் வரும் ஆசிரியரிடம் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டதாக ஒரு வரி எழுதியுள்ளார். பாஷோவின் நூலில் சுருகாவின் நிலவு உண்டு, விடுதிக்காரர் உண்டு, மது உண்டு. அந்தப் பொன் நாணயம் சோராவின் ஏட்டில் மட்டுமே உள்ளது.