இரண்டு கடிகாரங்கள்



இங்கிலாந்தில் சட்டம் பயிலச் செல்லவிருக்கும் நம் பிள்ளைகள் சிலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். தமிழாசிரியனுக்குச் சட்டப் பரீட்சையில் என்ன வேலை என்று அவர்கள் எண்ணக்கூடும். என் தமக்கை மகன் அதில் ஒரு முறை தவறினான். மறுமுறை எழுதுமுன் பாடங்களை என்னிடம் ஒப்புவித்தான். அவ்வளவே என் தகுதி.

அந்நாட்டில் ஸொலிஸிட்டர் ஆவதற்கு 2021 முதல் நடைபெறும் தேர்வின் முற்பகுதியில் 360 வினாக்கள் உள. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள் தரப்படும். மிகப் பொருத்தமானதைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். பிழைபட்டால் மதிப்பெண் கழிப்பதில்லையாதலின், ஒன்றையும் விடாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் அடைபட்டவனுக்குத் துணைநிற்கும் முறையும் அப்பாடத்திற் சேர்ந்ததே.

ஒருவன் இரவு 9 மணிக்குத் தெருவில் கைதாகிறான் என்று கொள்வோம். 9.40க்கு ஸ்டேஷனை அடைகிறான். 10.05க்குக் காவற்பொறுப்பு அதிகாரி அவனை அடைத்துவைக்க உத்தரவிடுகிறார். குற்றஞ் சாட்டாமல் எதுவரை வைத்திருக்கலாம்? 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக 24 மணி நேரம். இதனை நெட்டுருச் செய்திருந்த நம் பையன், கைதான 9 மணியிலிருந்து எண்ணினான். தவறு. ஸ்டேஷனை அடைந்த 9.40 முதலே எண்ணுதல் வேண்டும். ஆனால், காவல் இன்னும் வேண்டுமா என்று முதன்முறை ஆராயும் 6 மணி நேரமோ 10.05 முதல் ஓடும், விடியற்காலை 4.05க்குள் அது நடைபெற வேண்டும். கடிகாரங்கள் இரண்டு! ஐந்து விடைகளில் இவ்வெல்லா நேரங்களும் கலந்து நிற்கும்.

‘இல்’ என்னும் உருபைக் கண்டவுடன் ஏழாம் வேற்றுமை என்று கூவும் மாணாக்கனை யான் நாள்தோறும் காண்கிறேன். அஃது ஐந்தாவதாகவும் இருக்கலாமே என்று அவன் நின்று நோக்குவதில்லை.

பயிற்சி நிலையத்தார் ஒருவர் அவனுக்குக் கட்டுக்கட்டாக மாதிரி வினாக்கள் விற்றனர். அவற்றை மூடிவைக்கச் சொன்னேன். தாளில் ஒரு கோடு கிழித்து, கைதான நேரம், அடைந்த நேரம், உத்தரவு நேரம் மூன்றையும் குறித்து, விடைகளைப் பாராமலே முதலில் கணக்கிடச் செய்தேன். கடுங்குற்றமாயின் சூப்பரிண்டெண்டெண்டு 36 மணி வரை நீட்டலாம், அதற்குமேல் மாஜிஸ்டிரேட் கோர்ட்டின் வாரண்டு வேண்டும், 96க்கு மேற் செல்லலாகாது என்பனவெல்லாம் அக்கோட்டிலேயே ஏறின.

“மாமா, இவ்வளவும் ஒரு மார்க்குக்குத்தானா?” என்றான். அந்த 4.05க்கு முன், அடைபட்டவனை விடுவிக்குமாறு எடுத்துரைக்க ஸொலிஸிட்டருக்கு இடமுண்டு. நேரத்தைத் தவறாக எண்ணியவர் அப்போது உறங்கிக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவன் உறங்கான். இதைச் சொன்னபின் அவன் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை. மறுமுறை எழுதிவிட்டான், முடிவை எதிர்நோக்கியிருக்கிறோம்.